முதுகுக்குள் ஒரு சாட்சி!

செல்போன் அலறியது.

ஆபரேஷன் தியேட்டர் வாசலில் கை கழுவிக்கொண்டிருந்த டாக்டர் சிக்னி டோர்விக், முழங்கையால் ஸ்பீக்கரைத் தட்டினாள்.

"டாக்டர், நான் டிடெக்டிவ் யேர் மூவா. உங்க சீனியர் டாக்டர் நைகார்ட் இன்னிக்கு வர மாட்டார்."

"தெரியும், லீவு. அவர் கேஸை நான்தான் பார்க்கறேன்."

"இனிமே எல்லாக் கேஸையும் நீங்கதான் பார்க்கணும்."

சோப்பு நுரை சிக்னியின் முழங்கையில் அப்படியே நின்றது.

"என்ன சொல்றீங்க...?"

"மில் லாக்ஸ் ஏரியில, ஐஸ் மேல போட்டிருந்த மீன்பிடிக் குடிசையில செத்துக் கிடக்கார். கையில தூண்டில். ஹீட்டர் புகை வெளியே போகாம உள்ளேயே சுத்தியிருக்கு."

"ஆக்சிடென்ட்டா?"

"லோக்கல் ஷெரீஃப் அப்படித்தான் சொல்றார். ஆனா நேத்து சாயங்காலம் எனக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டிருக்கார் நைகார்ட். 'கெஸ்லரைப் பத்திப் பேசணும்'னு. அவ்வளவுதான். யார் மேடம் அந்தக் கெஸ்லர்?"

சிக்னி மெதுவாக நிமிர்ந்தாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், தியேட்டருக்குள், மாஸ்க்குக்குள் சூயிங்கம் மென்றபடி ஒருவன் அவளைப் பார்த்துக் கையசைத்தான்.

"மெடிக்கல் கம்பெனி ரெப். இப்ப... என் தியேட்டர்லதான் நிக்கறான்!"

"வெளியே விடாதீங்க. மினியாபொலிஸ் பூரா பனி கொட்டுது... வந்துட்டே இருக்கேன்."

"பேஷன்ட்டுக்கு லேசா மயக்கம் குடுத்தாச்சு. நான் உள்ளே போயே ஆகணும்."

"போங்க. அவன்கிட்ட எதுவும் காட்டிக்காதீங்க!"

அது சுலபமா என்ன? மாஸ்க் முகத்தைத்தான் மூடும். கண்களை மூடாதே!

சிக்னி கதவை முதுகால் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

மேஜையில் குப்புறப் படுத்திருந்தார் ஆரின் ஹாக்னெஸ். வடக்கே சர்க்கரை பீட்ரூட் பயிரிடும் விவசாயி. டிராக்டர் கவிழ்ந்ததில் இடுப்பு போனவர். வலியை அடக்க முதுகெலும்புக்குள் ஒயர் வைத்து, அதற்கு மின்சாரம் கொடுக்கும் சின்ன மெஷினையும் தோலுக்கடியில் பொருத்தியவர் நைகார்ட். இப்போது ஒயர் நழுவிவிட்டது. வலி குறைய வேண்டிய இடத்தில் ஷாக் அடிக்கிறது.

தலைமாட்டில் மயக்க மருந்துக்காரன் லைல். ஒல்லி. பேசாதவன். இந்தப் பக்கம் நர்ஸ் டார்கஸ். சுவரோரம் கெஸ்லர்.

புதுச் சரக்கைக் கொண்டுவந்து கொடுப்பதும், உடம்பிலிருந்து கழற்றிய பழையதைப் பரிசோதனைக்கென்று வாங்கிப் போவதும் அவன் வேலை.

"லேட்டு, மேடம்!" என்றான் கெஸ்லர். "நைகார்ட்னா இந்நேரம் தையல் போட்டு முடிச்சிருப்பார்."

"உங்களை யாரும் கேக்கல. டார்கஸ், கத்தி!"

மரத்துப்போகும் ஊசி போட்டு, பழைய தழும்பின் மேலேயே கீறினாள். சதை விலகியது. வெள்ளை ஒயர் தெரிந்தது. அதைச் சுற்றி விரல் நகம் அளவுக்கு, டைட்டானியம் பொட்டு பதித்த ஒரு ரப்பர் உறை... ஆங்கர்! ஒயர் நழுவாமல் தசையோடு சேர்த்துத் தைத்து வைக்கும் உறை.

"நண்டைக் குடு."

அந்தக் கருவிக்கு நீளமாய் ஒரு பெயர் உண்டு. யாரும் சொல்வதில்லை. இரண்டு கொடுக்கு. நடுவே ஒயர் உட்கார ஒரு பள்ளம். மேல் கொடுக்கில் முடியளவு பிளேடு. கவ்வி அழுத்தினால் உறை மட்டும் பிளக்கும். ஒயருக்குக் கீறல் விழாது.

கெஸ்லர் மெல்லுவதை நிறுத்தினான்.

"நண்டு எதுக்கு மேடம்? கத்தரிக்கோலால கொத்திக் கொத்தி எடுத்துடலாமே. ரெண்டு நிமிஷ வேலை!"

"கொத்தினா ஒயர் போயிடும்."

"போனா புதுசு தர்றேன். ஸ்டாக் இருக்கு."

"முதுகு உங்களுதா?"

"நைகார்ட் எப்பவும் கத்தரிக்கோல்தான்..."

"நான் நைகார்ட் இல்ல. சுவரோரமா நில்லுங்க!"

க்ளிக்.

நண்டு கவ்வியது. ஆங்கர் வேர்க்கடலைத் தோல் மாதிரி இரண்டாய்ப் பிளந்து, முழுசாய் அவள் உள்ளங்கைக்கு வந்தது.

சிக்னி அதை விளக்குக்கு நேரே பிடித்தாள்.



நைகார்ட் போட்ட நூல் ஒரு பள்ளத்தில் இருந்தது. சரி. ஆனால் அதற்குப் பக்கத்திலேயே வேறு நூல் கடித்த வேறு தழும்புகள்! ஆழமாய், பழையதாய். உறையின் உட்புறத்தில் காய்ந்து இறுகிய பழுப்புக் கறை.

இது ஆரினுக்கு முன்னால் இன்னொருவர் உடம்பில் இருந்த ஆங்கர்!

"டார்கஸ்... மூடி போட்ட ஒரு பாட்டில் கொண்டு வா. சீக்கிரம்!"

நர்ஸ் வெளியே ஓடினாள்.

கதவு மூடியதும், கெஸ்லர் கனமான ஒரு டிராலியை உருட்டி வந்து கதவுக்குக் குறுக்கே நிறுத்தி, சக்கரத்தைப் பூட்டினான்.

"பாத்துட்டீங்க, இல்ல?"

"என்னடா பண்ணியிருக்கே?"

"மரியாதை குறையுதே மேடம்!"

"வேற உடம்புலேருந்து எடுத்ததைக் கழுவி, புதுசுன்னு வித்திருக்கே! அதான் இவருக்கு நழுவியிருக்கு. எத்தனை பேருக்குடா?"

"கணக்கு வெச்சுக்கற பழக்கம் இல்ல. அதைக் குடுங்க."

"மாட்டேன்."

"லைல்!" என்றான் கெஸ்லர், திரும்பாமலே. "அந்த ஊசியை ரெடி பண்ணு."

சிக்னி அதிர்ந்து லைலைப் பார்த்தாள். லைல் அவள் கண்ணைப் பார்க்கவில்லை. குனிந்து ஒரு சிரிஞ்சை எடுத்தான்.

"லைல்... நீயுமா?"

"அவன் என் பார்ட்னர், மேடம். பிணவறையில செத்தவங்க உடம்புலேருந்து இதையெல்லாம் கழட்டறதே அவன்தான். ஆங்கரைக் குடுங்க. இல்லேன்னா லைல் அழுத்துவான், இந்தக் கிழவனோட இதயம் நிக்கும்."

"நைகார்டையும் இப்படித்தான் மிரட்டினியா?"

கெஸ்லர் சிரித்தான். கண்ணில் மட்டும் அது இல்லை.

"அவர் மிரட்டலுக்கு மசியற ஆளா? போன வாரம் வேற ஒரு பேஷன்ட்கிட்ட இதே தழும்பைப் பாத்துட்டார். போலீசுக்குப் போவேன்னார். நேத்து சமாதானம் பேச ஏரிக்குப் போனேன். முடியல. வெளியே வந்தேன். குடிசைப் புகைபோக்கியில கை நிறைய பனியை அள்ளித் திணிச்சேன். கதவுக்கு ஒரு கட்டையை முட்டுக் குடுத்தேன். சத்தம் அடங்கினதும் கட்டையை எடுத்துட்டு வந்துட்டேன். கத்தி இல்ல, துப்பாக்கி இல்ல. பனி கரைஞ்சா சாட்சியும் கரைஞ்சுது!"

சிக்னிக்கு நைகார்டின் முகம் ஞாபகம் வந்தது. முதல் ஆபரேஷனில் அவள் கை நடுங்கியபோது, யாருக்கும் தெரியாமல் தன் கையை அடியில் கொடுத்துத் தாங்கிய மனிதர்.

நண்டை இந்தப் பாவியின் கழுத்தில் பாய்ச்சினால் என்ன?

பாய்ச்சலாம். ஆனால் கீழே ஒரு முதுகு திறந்து கிடக்கிறது...

கையை நீட்டினாள்.

"எடுத்துத் தொலை!"

கெஸ்லர் இரண்டு பாதிகளையும் எடுத்தான். மாஸ்க்கை இறக்கினான். சூயிங்கத்தோடு சேர்த்து... விழுங்கினான்!

"முடிஞ்சுது. இப்ப அழுத்து, லைல்."

"குடுத்துட்டேனே!" சிக்னி அலறினாள். "இவரை ஏண்டா...?"

"நீங்க நாளைக்குப் பேசுவீங்க. ஆனா பேஷன்ட்டை மேஜையிலயே சாகடிச்ச டாக்டர் பேசினா எவன் கேப்பான்? லைல்!"

லைல் அழுத்தினான்.

சிரிஞ்ச் காலியானது.

சிக்னி மானிட்டரைப் பார்த்தாள். பீப்... பீப்... பீப்... அடுத்தது வராது என்று ஒவ்வொரு முறையும் நினைத்தாள். ஒவ்வொரு முறையும் வந்தது.

கெஸ்லரின் நெற்றியில் வியர்வை.

"என்னடா போட்டே?"

"உப்புத் தண்ணி," என்றான் லைல். "மயக்க மருந்தை நீ டிராலியைத் தள்ளினப்பவே நிறுத்திட்டேன். நான் திருடன்தான், கெஸ்லர். நைகார்ட் ஏதோ விபத்துல போயிட்டார்னுதானே என்கிட்ட சொன்னே? அவர் என்கூட ஒரே தட்டுல சாப்பிட்டவர்டா!"

கெஸ்லர் அவன்மேல் பாய்ந்தான்.

அதே நேரம் கதவு இடிபட்டுத் திறந்தது. டிராலி கவிழ்ந்தது. கருவிகள் சிதறின. பனி ஒட்டிய கோட்டோடு குள்ளமாய் ஒரு பெண் துப்பாக்கியை நீட்டியபடி வந்தாள். பின்னால் இரண்டு போலீஸ்காரர்களும், மூடி போட்ட பாட்டிலோடு டார்கஸும்.

"கையைத் தூக்கு, கெஸ்லர்!" என்றாள் யேர் மூவா. "கதவு திறக்கலைன்னு உங்க நர்ஸ் கத்தினது கார் பார்க்கிங் வரைக்கும் கேட்டுச்சு டாக்டர்."

கெஸ்லர் கையைத் தூக்கினான். நிதானமாய்.

"என்ன குற்றம்? ஆங்கர் எங்கே? காட்டச் சொல்லுங்க பாப்போம்!"

"உன் வயித்துல," என்றாள் சிக்னி. "அதுல டைட்டானியம் பொட்டு இருக்கு. எக்ஸ்ரேல பளிச்னு தெரியும்."

"மெதுவா வரட்டும்," என்றாள் மூவா. "எனக்கு அவசரமில்ல. பாட்டிலும் ரெடியா இருக்கு."

டார்கஸ் முகத்தைச் சுளித்தாள்.

"சரி, ஆங்கர் கேஸ் நிக்கும்!" கெஸ்லர் சீறினான். "கொலை? இந்தப் பொம்பளை என் விரோதி. இவன் கூட்டுக் களவாணி. ரெண்டு பேர் பேச்சையும் என் வக்கீல் கிழிச்சுத் தொங்க விடுவான். வேற எவன் இருக்கான் சாட்சி?"

பச்சைத் துணிக்கு அடியிலிருந்து ஒரு கனைப்பு.

எல்லோரும் திரும்பினார்கள்.

"புகைபோக்கியில பனி... கதவுக்குக் கட்டை..." கரகரத்த குரல் நிதானமாய்ச் சொன்னது. "சத்தம் அடங்கினப்புறம் எடுத்தானாம். அப்படித்தானே தம்பி சொன்னே?"

கெஸ்லரின் தூக்கிய கைகள் தொய்ந்தன. முகம் வெளுத்தது.

சிக்னி மண்டியிட்டு, துணியை விலக்கி, அந்த முகத்தைக் கீழிருந்து பார்த்தாள். கண்கள் பளிச்சென்று விழித்திருந்தன.

"ஆரின்! வலிக்குதா?"

"இல்லீங்க டாக்டரம்மா. மரத்துக் கிடக்கு. அழுதுடாதீங்க, முதுகுல சொட்டப் போவுது."

மூவா நோட்டை எடுத்துக்கொண்டு குனிந்தாள். "ஐயா, ஆபரேஷன் நடுவுல இருந்தவரு நீங்க. எல்லாத்தையும் நிஜமாவே கேட்டீங்களா?"

ஆரின் ஹாக்னெஸ் குப்புறப் படுத்தபடியே பெருமூச்சு விட்டார்.

"ஏம்மா, முதுகைத்தானே தொறந்தாங்க... காதையா மூடினாங்க?"