இங்க்ரித் அம்மாள் போட்ட கோடு

அந்தச் சித்திரை வெயிலில் அத்தாவுல்லாவும் அவன் மச்சான் பர்வேஸும் டெம்போவிலிருந்து இறங்கினார்கள். திருமுடிவாக்கத்தில் இரும்புப் பட்டறை வைத்திருப்பவர்கள். தாம்பரத்துக்குக் கிழக்கே சாலை அகலமாகிறது. வழியில் நின்ற பழைய நினைவுத்தூணைப் பெயர்க்க வேண்டும். அதைச் சுற்றியிருந்த இரும்பு வேலியை அறுப்பது இவர்கள் வேலை.

யாருடைய தூண் தெரியுமா, கண்ணுகளா? இங்க்ரித் அம்மாள் என்ற நார்வே டாக்டருடையது. உலகப்போர் முடிந்ததும், பர்மாவிலிருந்து குற்றுயிராகத் திரும்பிய சனங்களுக்கு அந்த இடத்தில்தான் கொட்டகை போட்டு வைத்தியம் பார்த்தாள். மயக்க மருந்து கிடைக்காத காலம். அழுகிய கைகால்களை அறுத்துத்தான் எத்தனையோ உயிரைக் காப்பாற்றினாள்.

அறுக்க வேண்டிய இடத்தில் சாக்பீஸால் கோடு போடுவது பட்டறைப் பழக்கம். அத்தாவுல்லா கம்பிகளில் கோடு போட்டான். பர்வேஸ் கட்டர் மிஷினை இறக்கினான். தெறித்த துருத்துண்டு ஒன்று அத்தாவுல்லாவின் இடது சுண்டுவிரலைக் கீறியது. ஒரே ஒரு சொட்டு ரத்தம்.

மதியம் சாப்பிட உட்கார்ந்தபோது, அவன் இடது மணிக்கட்டைச் சுற்றி ஒரு வெள்ளைக்கோடு இருந்தது.

"இன்னா மச்சான், கையையும் ஸ்கிராப்புல போடப் போறியா?" என்று சிரித்தான் பர்வேஸ்.

"நான் போடலடா." துடைத்தான். போய்விட்டது.

எங்கிருந்தோ பினாயில் வாடை. அதற்கு அடியில், சீழ் வாடை.

மூன்று மணிக்குக் கோடு மறுபடி வந்தது. முழங்கைக்குக் கீழே.

துடைத்தான்.

முழங்கைக்கு மேலே வந்தது.

சுண்டுவிரல் கரியாகக் கறுத்திருந்தது. கிள்ளினால் உறைக்கவில்லை.

"ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம் மச்சான், ஏறு!" பர்வேஸ் டெம்போவுக்கு ஓடினான்.

அத்தாவுல்லா மறுபடியும் துடைக்கப் போனான். காதருகே ஒரு பெண்குரல், ஒட்டாத தமிழில், அன்பாகச் சொன்னது:

"துடைக்காதே, தம்பி. துடைத்தால் மேலே போகும். அடுத்தது தோள். அப்புறம் கோடு போட இடம் இல்லை."

அவன் வலது கை தானாகக் கட்டர் மிஷினை எடுத்தது.

கோட்டின் மேலேயே இறக்கினான்.

சதை கிழிந்தது. எலும்பில் பட்டதும் மிஷின் கிறீச்சிட்டது. தூணில் செதுக்கியிருந்த பெயர்மேல் ரத்தம் பீறிட்டு அடித்தது. பர்வேஸ் அலறிக்கொண்டு ஓடிவந்து ஒயரைப் பிடுங்குவதற்குள் கை மண்ணில் கிடந்தது. தன் சட்டையைக் கழற்றி, வெட்டுப்பட்ட இடத்தில் இறுகச் சுற்றினான்; கிடந்த கையை ஒரு பையில் போட்டுக்கொண்டான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கிருபா அந்தச் சட்டையைப் பிரித்தாள்.

"இத யாரு தைச்சது?"

தோல் அழகாக மடித்து மூடப்பட்டிருந்தது. பதினொரு தையல்.

"யாரும் தைக்கல மேடம். வெட்டிகினு அரை மணி நேரம்கூட ஆவல," என்றான் பர்வேஸ்.

பையிலிருந்த கையை அவள் பார்த்தாள். கோடு வரைக்கும் அழுகிப்போய், நாள்பட்ட பிணம்போல ஊதியிருந்தது.

"இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா ஆளே இருந்திருக்க மாட்டார்," என்றாள் மெதுவாக.

கடைசித் தையலின் நூல் மட்டும் முடிச்சில்லாமல் தொங்கியது. இருவரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது தானாக எழுந்து, ஒரு சுற்றுச் சுற்றி, இறுகியது.