வெறும் கட்டிலில் ஒரு துடிப்பு

பண்டசோழநல்லூருக்கு வெளியே, கரும்புக் கொல்லைக்கு நடுவில் இருந்த அந்தப் பாழடைந்த மச்சு வீட்டில் ஜலாலுதீன் வந்து இறங்கியபோது பகல் பதினொரு மணி. 1983-ஆம் வருஷத்துச் சித்திரை வெயில் மண்டையைப் பிளந்தது. வீட்டுக்குள்ளோ பட்டப்பகலிலும் இருட்டு. வௌவால் புழுக்கை நாற்றம் வேறு.

அவர் அதையெல்லாம் சட்டை செய்யவில்லை. மின்கம்பி கிடையாது, வண்டி நடமாட்டம் கிடையாது, அது போதும். நெஞ்சு துடிக்கும்போது எழும் துளியூண்டு காந்தத்தை அளக்க, மூன்று வருஷம் இராப்பகலாகப் பாடுபட்டு ஒரு மீக்கடத்திக் கருவியை வடிவமைத்திருந்தார். திரவ ஹீலியத்தின் கடுங்குளிரில், எதிரெதிராகச் சுற்றிய இரண்டு கம்பிச் சுருள்கள். தூரத்துக் காந்தம் இரண்டிலும் ஒரே அளவு பட்டுக் கழிந்துபோகும். கிட்டத்தில் இருப்பது மட்டுமே மிஞ்சும்.

ஹீலியம் சாயங்காலம் வரைதான் தாங்கும். அதற்குள் ஒரு நெஞ்சுத் துடிப்பைக் காகிதத்தில் பதிந்து காட்டாவிட்டால் ஆராய்ச்சியையே இழுத்து மூடிவிடுவதாக மேலிடத்தில் கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

கருவியருகே ஒரு குண்டூசி கிடந்தாலும் எல்லாம் பாழ். தாழ்ப்பாள், கீல், கொக்கி என்று ஒன்று விடாமல் கழற்றி வெளியே போட்டார். உள்ளறை வாசல் நிலையில் தலைவரை இறங்கியிருந்த ஓர் ஆணிதான் முரண்டு பிடித்தது. குறடு போட்டு இழுத்தார். சாண் நீள ஆணி கிறீச்சென்று வந்தது.

உள்ளறையிலிருந்து புழுக்கமான காற்று ஒன்று முகத்தில் மோதியது.

கட்டிலில் படுத்து நெஞ்சைக் காட்ட ஒப்புக்கொண்டிருந்த வீட்டுக்காரர் சிங்காரவேலு, மதியம் இடுப்புச் சாவியை அவிழ்த்துவிட்டு உள்ளே வந்தார். நிலையில் ஓட்டையைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

“இன்னா சார் பண்ணிட்டீங்க? அந்த ஆணிய யாரு புடுங்குனது?”

“நான்தாங்க. இரும்பு ஆவாதுன்னு சொன்னேனே.”

“எங்க பெரியப்பாவ அதுலதான சார் கட்டி வெச்சிருந்துது!” குரல் தாழ்ந்தது. “ஆள எரிச்சாச்சி. உசுருதான் இந்த வூட்ட வுட்டுப் போவல.”

“பத்து நிமிஷம் படுங்க, போதும். உங்க கால்ல வேணா வுழறேன்.”

“நீங்களே படுத்துக்குங்க சார்” என்றவர், செருப்பைக்கூட மாட்டாமல் கொல்லையில் இறங்கி நடந்தார்.

ஜலாலுதீனுக்கு அழுகையே வந்துவிட்டது. தானே படுத்தால் கருவியை யார் பார்ப்பது? ஹீலியமோ குறைந்துகொண்டே வந்தது. சும்மாவாவது ஓடட்டும் என்று, வெறும் கயிற்றுக் கட்டிலுக்கு மேலே தொங்கிய கருவியை முடுக்கிவிட்டு, கூடத்தின் மறுகோடியில் பேட்டரியில் ஓடும் பதிவுப் பெட்டியருகே போய் உட்கார்ந்தார்.

முள் நேர்கோடு இழுத்தது.

பிறகு துள்ளியது.

நின்றது. மறுபடியும் துள்ளியது.

நிமிஷத்துக்கு நாற்பது. சந்தேகமே இல்லாத நெஞ்சுத் துடிப்பு. தன் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். அவருடையது நூற்றுப்பத்தைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது.

கட்டிலின் கயிறு மெல்லத் தொய்ந்தது.

“யாரு?”

முள் இன்னும் உயரமாகத் துள்ளியது.

எழுந்து ஓடியிருக்க வேண்டும். ஆனால் இவ்வளவு சுத்தமான பதிவை அவர் கனவில்கூடக் கண்டதில்லை. காகிதத்தைக் கிழித்தார். யாருடைய துடிப்பு என்று குறிக்கும் இடத்தில் தன் பெயரையே எழுதினார்.

எழுதி முடித்ததும் கட்டில் கயிறு விறைத்து நிமிர்ந்தது.

அதில் படுத்திருந்தது எழுந்துகொண்டது.

மேலிடத்தில் பாராட்டித் தள்ளிவிட்டார்கள். ஆராய்ச்சி பிழைத்தது. அடுத்த மாதம் ஆய்வுக்கூடத்தில் ஜலாலுதீன் தானே படுத்துக்கொள்ள, உதவியாளர் கஸ்தூரி கருவியைப் பார்த்துக்கொண்டாள்.

“சார், அசையாதீங்க…” அவள் குரல் தேய்ந்தது. “சார், இதுல ரெண்டு ஓடுது.”

காகிதத்தை வாங்கிப் பார்த்தார். பெரிய அலை, நிமிஷத்துக்கு நாற்பது. அதன் இடுக்கில் வேகவேகமாக இன்னொன்று, குட்டியூண்டு. கருவிக்குக் கிட்டத்தில் இருப்பதுதான் பெரிதாக விழும் என்பது, அதை வடிவமைத்தவருக்குத் தெரியாதா?

சின்னதுதான் அவருடையது.

மறுநாள் அது இன்னும் சிறுத்திருந்தது.