உச்சிவேளைக்கு முன்பதிவு இல்லை

"எந்த மாசம்... எந்த நேரம்?"

தலை நிமிராமலே கேட்டாள். பாலைவனச் சுற்றுலா அலுவலகத்தின் கவுண்டரில் உட்கார்ந்து நாளெல்லாம் கேட்கிற கேள்விதான். முகத்தைப் பார்க்க வேண்டியதே இல்லை, பதிலை வைத்தே ஆளை எடை போட்டுவிடுவாள். புதுசாய்க் கல்யாணமானவர்கள் சாயங்காலம் கேட்பார்கள். மணலும் சிவக்கும், முகமும் சிவக்கும். கேமராக்காரர்கள் விடியற்காலை கேட்பார்கள், ஆனால் எழுந்திருக்க மாட்டார்கள். வயசானவர்கள் என்றால் குளிர்காலத்து இளவெயிலை அவளே எழுதிவிடுவாள், போர்வையோடு வரச் சொல்லி. குளிர் முடிந்து காற்று வீசும் வாரங்களில் யாரையும் அனுப்ப மாட்டாள்.

"கோடை. நல்ல உச்சிவேளை."

பேனா நின்றது. நிமிர்ந்தாள்.

கழுத்தில் பெரிய ஹெட்போன்... தோளில் கனமான பை... மேலே இரண்டு கண்கள். அப்பா, என்ன கண்கள்! பார்க்கிற கண்கள் இல்லை அவை. யாரோ பேசுவதைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே இருக்கிற கண்கள்...

'சீ, என்ன இது!' என்று தன்னையே அதட்டிக்கொண்டாள்.

"சாகிறதுக்கெல்லாம் இங்க டிக்கெட் போடுறதில்ல சார். எலி மருந்துக் கடை அடுத்த தெருவுல இருக்கு."

"ஏன் மேடம், எலிங்களுக்கும் நீங்கதான் நேரம் குறிச்சுக் கொடுக்கிறீங்களா?"

சிரிப்பு வந்துவிட்டது. உதட்டைக் கடித்து அடக்கினாள்.

அவன் ஒலிப்பதிவுக்காரன். காட்டுச் சத்தம், கடல் சத்தம், ரயில் பாலத்தின் சத்தம் எல்லாம் பிடித்துவந்து சினிமாக்காரர்களுக்குக் கொடுப்பவன். இங்கே ஒரு பெரிய மணல்மேடு முனகுமாமே, அதற்காக வந்திருக்கிறான்.

"குளிர்காலத்துல பனி இறங்கி மணலை நனைச்சிடுது. நனைஞ்ச மணல் வாயைத் திறக்காது. காஞ்சு சுடணும்... அப்பதான் சரியும், சரிஞ்சாதான் பாடும். கோடை உச்சிவேளை தவிர வேற நேரமே இல்ல மேடம்."

"தெரியும்," என்றாள். அவள் முகத்திலிருந்து சிரிப்பு துடைத்தெடுத்தாற்போல் போய்விட்டது. "அங்க மட்டும் கேக்காதீங்க. வேற எங்க வேணும்னாலும் எழுதித் தரேன்."

போனவன் மறுநாள் வந்தான். அதற்கு மறுநாளும் வந்தான். கத்தரிக்காய்க்குப் பேரம் பேசுகிற மாதிரி நேரத்துக்குப் பேரம் பேசினான்.

"உச்சிக்குக் கொஞ்சம் முன்னாடி?"

"ம்ஹூம்."

"உச்சி சாய்ஞ்சு... மூணு மணி?"

"மணல் அப்பவும் சூடுதான்."

"சரி, நீங்களே சொல்லுங்க. உங்களோட ஒரு டீ குடிக்க எது நல்ல நேரம்?"

காது மடல் வரை சூடேறியது அவளுக்கு. "அதுக்கும் சீசன் முடிஞ்சு போச்சு!" என்று வெடுக்கென்று சொன்னாள். ஆனால் அன்றைக்கு அவன் போன பிறகு கண்ணாடிக் கதவை அவள் எத்தனை தடவை பார்த்தாள் என்பது அந்தக் கதவுக்குத்தான் தெரியும்.

ஒருநாள் அவன் பகல் பன்னிரண்டுக்கே வந்துவிட்டான்.

அந்த ஊரில் கோடை உச்சிவேளைக்கு ஒரு பழக்கம் உண்டு. தெருவே கண்ணை மூடிக்கொள்ளும். கடைகளின் ஷட்டர் இறங்கிவிடும், நாய்கூட லாரிக்கு அடியில் போய்விடும். வெள்ளை வெயில் மட்டும் ஆளில்லாத ரோட்டில் நின்றுகொண்டிருக்கும். நிழல் என்று ஒன்று இருக்காது. காலடிக்குள் ஒளிந்துகொள்ளும்.

"ஐயோ, இப்ப ஏன் வந்தீங்க? கிளம்புங்க," என்று எழுந்தேவிட்டாள்.

"வெயில் மேடம்... கொஞ்சம் ஃபேன் காத்து..."

அவன் பேச்சு பாதியில் நின்றது. மூலையில் இருந்த வயர்லெஸ் பெட்டி முனக ஆரம்பித்திருந்தது. முதலில் வண்டு ரீங்கரிப்பது போல... பிறகு கோயில் மணி ஓய்ந்த பின் நிற்குமே ஒரு அதிர்வு, அது போல. மேஜைமேல் கண்ணாடி டம்ளரில் தண்ணீர் நடுங்கியது. அந்த முனகலுக்கு அடியில், ரொம்ப தூரத்தில், ஓர் ஆண் குரல்.

*வரேன்...*

அவள் அவனையே பார்த்தாள். 'ஒண்ணும் கேக்கலைன்னு சொல்லிடு... வெறும் இரைச்சல்னு சொல்லிடு...' என்று மனசு அடித்துக்கொண்டது. நாலு கோடையாய்த் தனக்குப் பைத்தியம் என்றே நினைத்துக்கொண்டிருந்தாள் பாவம்.

அவன் முகம் வெளுத்திருந்தது. "யாரு அது?" என்றான்.

அவ்வளவுதான். உடைந்து அழுதுவிட்டாள்.

அண்ணன். குடும்பமே நடத்தும் இந்த அலுவலகத்தின் முதல் டிரைவர். தடம் பார்த்துவரத் தனியாக அந்த மேட்டுக்குப் போனான், இதே மாதிரி ஒரு கோடை உச்சியில். வயர்லெஸ்ஸில் அவள்தான் இருந்தாள். "வரேன்" என்றான். சரி, திரும்பி வருகிறான் என்று சாப்பாட்டைச் சூடு பண்ணப் போனாள். அவன் வரவில்லை. வண்டி கிடைத்தது. கதவு ஒழுங்காகச் சாத்தியிருந்தது. தண்ணீர் கேன் ததும்பத் ததும்ப நிறைந்திருந்தது. ஆள் மட்டும் இல்லை.

"அம்மா சொல்றாங்க, வரேன்னு சொன்னவன் வராம இருப்பானான்னு. இந்தப் பெட்டியை அணைக்க விட மாட்டாங்க. கண்ணை மூட மாட்டாங்க. அப்பா சொல்றாரு, வரேன்னு சொல்லிட்டுப் போயிட்டான்டின்னு. கோடை வந்தா வண்டி ரிப்பேர்னு நகரத்துக்குப் போயிடுவாரு. நான் நடுவுல... இந்த நாற்காலிய விட்டு எழுந்துக்க முடியல. எங்கயும் போக முடியல. யாரையும்..." நிறுத்திக்கொண்டாள். "இந்தப் பெட்டியோட பேசக்கூடிய செட்டு ஒண்ணே ஒண்ணுதான். அது அண்ணன் வண்டியில இருக்கு. அந்த வண்டி பின்னாடி ஷெட்டுல நிக்குது... செட்டை அணைச்சுத்தான் வச்சிருக்கோம்."

ஃபேன் காற்றிலும் அவனுக்கு வியர்த்தது. இருந்தாலும் தொழில் புத்தி எங்கே போகும்? கை தானாகப் பையைத் திறந்தது.

"மறுபடி கேக்கும்போது ஒரே ஒரு தடவை பதிவு பண்ணிக்கட்டுமா? அந்த இழுவை..."

"எங்கண்ணன் உங்களுக்கு ஒரு சத்தமா?"

"இல்லைங்க, நான் சொல்ல வந்தது..."

"வெளிய போங்க!"

போய்விட்டான். அவளும் கதவைத் தாழிட்டாள். கோபம் தாழ்ப்பாளுக்குள் நின்றது, மனசு அவன் பின்னாலேயே தெருவில் போனது.

மறுநாள் வெயில் ஏறும் நேரம். ஏதோ தோன்றி ஷெட்டை எட்டிப் பார்த்தாள். அலுவலக ஜீப் நின்றது. அண்ணன் வண்டி இல்லை!

தினமும் அதைத் துடைத்து, ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பார்த்து வைக்கிற அம்மா, வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள்.

"நான்தான்டி சாவி குடுத்தேன். மன்னிப்பு கேட்கணும்னு விடிஞ்சதுமே வந்து நின்னான். அந்தப் புள்ளைக்கு நல்ல காது. குரல் எங்கேருந்து வருதுன்னு போய்ப் பாருப்பான்னு நான்தான் கையைப் புடிச்சுக் கேட்டேன்."

"பெத்த புள்ளைய முழுங்கின இடத்துக்கு ஊரான் புள்ளைய அனுப்பிட்டியேம்மா!"

வயர்லெஸ் உறுமியது. ஓடிப்போய் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"மேடம்..." அவன்தான். மூச்சு வாங்கியது. "நேத்து நான் சொல்ல வந்தது இதுதான். வர்றவன் 'வரேன்'னா அது டக்குனு முடிஞ்சிடும். போறவன்தான் கடைசியில இழுப்பான்... வாசல்ல நின்னு சொல்ற மாதிரி. உங்கண்ணன் இழுக்கிறாரு. அவரு..." முனகல் பெரிதாகி அவன் குரலை விழுங்கியது. பிறகு, தெளிவாக, ஒரே ஒரு சொல். அவன் குரலில்.

"வரேன்..."

இழுத்தான்.

அடுத்த நொடி நாற்காலி கவிழ்ந்தது. நாலு வருஷமாய் உச்சிவேளையில் அசையாத நாற்காலி. "அம்மா, பெட்டிகிட்ட உக்காரு!" என்று கத்திவிட்டு ஜீப்பில் ஏறினாள்.

வழியெல்லாம் கானல். ஏரி ஏரியாய்த் தெரிந்தது, கிட்டே போனால் விலகியது. 'சண்டை போட்டுத் துரத்தினேனே... ஒரு டீ குடிச்சிருந்தா என்ன குறைஞ்சா போயிருப்பேன்...' கண்ணீரை வெயில் கன்னத்திலேயே உலர்த்திவிட்டது.

மேட்டடியில் அண்ணன் வண்டி நின்றது. கதவு ஒழுங்காகச் சாத்தியிருந்தது. தண்ணீர் கேன் நிறைந்திருந்தது.

மணலில் காலடித் தடம் மேலே ஏறிப் போனது. அவனுடைய பூட்ஸ் தடம். அதற்கு முன்னால்... இன்னொரு தடம். வெறுங்கால். பூட்ஸ் அதன்மேல் மிதிக்காமல் பக்கத்திலேயே போயிருந்தது, யாரோடோ பேசிக்கொண்டு போனவன் போல.

ஏறினாள். மணல் வழுக்கியது, சுட்டது, முனகியது. உள்ளங்கால் வழியாய் நெஞ்சுக்கூடு வரை அதிர்ந்தது. உச்சியில் அவன்... ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கண் எங்கோ நிலைத்திருக்க, அந்தப் பக்கத்துச் சரிவை நோக்கி நடந்துகொண்டிருந்தான். கூப்பிட்டாள். கேட்கவில்லை. ஓடிப்போய்ச் சட்டையைப் பிடித்து இழுத்து, ஹெட்போனைப் பிடுங்கினாள்.

"எங்க போறீங்க? எங்க போறீங்க நீங்க?"

திரும்பிப் பார்த்தான். அவளை அடையாளம் தெரியவே சற்று நேரம் ஆயிற்று.

"சொல்லிட்டே இருக்காரு..." உதடு வெடித்திருந்தது. "வரேன், வரேன்னு... பதில் யாரும் சொல்லலை மேடம். பதில் வராம எப்படிக் கிளம்புறது? அதான் கூடப் போய்..."

பதில்.

அவளுக்குப் பொட்டில் அறைந்தாற்போல் இருந்தது. வீட்டை விட்டுக் கிளம்புகிற பிள்ளை 'வரேன்' என்றால், உள்ளேயிருந்து ஒரு குரல் வர வேண்டாமா? அண்ணன் அன்று விடைதான் கேட்டிருக்கிறான். வருகிறான் என்று நினைத்து அவள் எழுந்து போய்விட்டாள். அம்மா வாசலைப் பார்த்திருந்தாள், அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். பாவி, நாலு கோடையாய் வாசற்படியிலேயே நிற்கிறானே!

முன்னால் யாரும் இல்லை. வெள்ளை வெயில்தான். ஆனாலும் அங்கே யாரோ அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது.

*வரேன்...*

இவனுடைய கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"சரிண்ணா," என்றாள். "போயிட்டு வா."

முனகல் நின்றது.

அந்த மாதிரி ஓர் அமைதியை அவன் தன் தொழிலில் கேட்டதே இல்லை. மணல் ஒரு துளி அசையவில்லை. திரும்பி இறங்கும்போது பார்த்தார்கள். சரிவில் அவன் தடமும் அவள் தடமும் மட்டுமே இருந்தன. காற்றே வீசவில்லை... வெறுங்கால் தடம் எங்கே போனதென்று இருவருமே கேட்கவில்லை.

அலுவலகத்துக்கு வந்தபோது அம்மா பெட்டியின் முன்னால் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"நீ சொன்னது கேட்டுச்சுடி," என்றாள்.

மேட்டின் உச்சியில் சொன்னது. வயர்லெஸ்ஸோ கீழே, சாத்திய வண்டிக்குள். மகளுக்கு மயிர்க்கால் சிலிர்த்தது. அம்மா மட்டும் சாதாரணமாகத் தலையாட்டினாள்.

"நல்லபடியாச் சொன்ன. எனக்குத்தான் வாய் வரல இத்தனை நாளா." கையை நீட்டி வயர்லெஸ்ஸைத் தானே அணைத்தாள். உள் அறைக்குப் போய்ப் பாயை விரித்தாள்.

அவன் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தான். பதிவுக் கருவியை எடுத்துக் கவுண்டரில் வைத்தான்.

"எல்லாம் இதுல இருக்கு. திருப்பிப் போட்டுக் கேக்கவே இல்ல நான். அழிச்சிடட்டுமா?"

"இதுக்காகத்தானே இவ்வளவு தூரம் வந்தீங்க?"

"வந்தது இதுக்காகத்தான்." பொத்தானை அழுத்தினான். அழிந்தது. "தினம் தினம் வந்தது இதுக்காக இல்ல."

அவள் குனிந்து, கவுண்டரில் இல்லாத தூசியைத் துடைத்தாள். இதயம் அடிக்கிற சத்தம் அவன் காதுக்குக் கேட்டுத் தொலைக்குமே என்று பயமாக இருந்தது.

"எதுக்காகன்னு... சொன்னாத்தானே தெரியும்," என்றாள்.

"சொன்னா மறுபடி வெளிய போன்னு சொல்லிடுவீங்களோன்னு..."

"மேட்டு மேல பேயோட நடந்து போகத் தெரியுது. இதுக்கு மட்டும் பயமாக்கும்? சத்தமாச் சொல்லுங்க."

அவன் உண்மையாகவே சத்தமாகச் சொன்னான்.

"எனக்கு உங்களைக் கல்யாணம் பண்ணிக்கணும்!"

உள் அறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது, பாதித் தூக்கத்தில், குழறலாக.

"நாலு வருஷம் கழிச்சு இப்பதான்பா கண்ணு அசருது... கொஞ்சம் மெதுவாச் சொல்லக்கூடாதா?"

இருவரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தது. அம்மாவின் மூச்சு சீராகிக் குறட்டையாகும்வரை காத்திருந்தாள். பிறகு கவுண்டரின் மேல் எக்கி, அவன் காதோரம் குனிந்து, அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"எனக்கும்தான்..."