பனி வராத வருடத்துத் தண்ணீர்

கிருமி வளர்க்கும் சூட்டுப்பெட்டியின் பிளக் பிடுங்கிக் கிடந்தது. தரை துடைத்தவர் பிடுங்கிவிட்டு மறந்திருப்பார், அதொன்றும் பெரிய விஷயமில்லை. ஆனால் உள்ளே, நேற்று அவள் குழாய்த் தண்ணீர் விட்டு வைத்த கண்ணாடித் தட்டில், மஞ்சள் புள்ளிகள் இண்டு இடுக்கு விடாமல் மொய்த்துக் கிடந்தன. மூடியைத் திறந்ததும் அழுகிய பூவின் வாடை குப்பென்று ஏறியது. அடுப்பே பற்றவைக்காமல் சோறு பொங்கி நின்றதுபோல. சுவரைத் தொட்டுப் பார்த்தாள். பனிக்காலத்துச் சுவர் வெதுவெதுவென்று இருந்தது.

அந்தக் குடிநீர் நிலையத்தில் தண்ணீரைப் பரிசோதிப்பவள் அவள். பனி மாதம் பிறந்துவிட்டால் குளோரினைப் பாதியாகக் குறைத்துவிடுவது அங்கே வழக்கம். குளிரில் கிருமி முடங்கிவிடுமாம். இந்த வருடம் பனி எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அது நாள்காட்டிக்கு எங்கே தெரியப்போகிறது?

வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மேற்பார்வையாளரிடம் தட்டை நீட்டினாள்.

"சார், குளோரின உடனே கூட்டணும்."

"காலங்காலமா இப்படித்தாம்மா நடக்குது. உனக்கு எதைப் பாத்தாலும் பயம்."

பயம்தான். போன வாரம்தான் தங்கைக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. அந்த வீட்டுக்கும் இதே தண்ணீர்தான் போகிறது. வேலை போனால் மயிரே போச்சு என்று, குளோரினைத் தானே கூட்டிவிட, தொட்டியின் மேல்தளத்துக்கு ஏறினாள். ஏறிக்கொண்டே தங்கையைப் போனில் அழைத்தாள்.

"குழாய்த் தண்ணியத் தொடாத. காய்ச்சாம எதுக்கும் எடுக்காத."

"காய்ச்சவே வேணாங்க்கா, சூடாத்தான் வருது. பாப்பாவக் குளிப்பாட்டலாம்னு பிடிச்சிட்டிருக்கேன்."

அவள் இன்னும் வேகமாக ஏறினாள்.

"குழாய மூடு. பாப்பாவத் தூக்கிட்டு வெளிய போ."

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. குளோரின் வால்வுக்குப் பக்கத்திலிருந்த இரும்பு மூடியைத் தூக்கினாள். ஈரச் சூடு முகத்தில் அறைந்தது, அதே அழுகிய பூவின் வாடையோடு. உள்ளே இறங்கும் ஏணியின் கீழ்ப்படிகள் தெரியவில்லை. மஞ்சள் வழவழப்பு ஒன்று அவற்றை மூடியிருந்தது, அது மெல்ல உப்பியது, மெல்ல அடங்கியது, தூங்குகிறவனின் வயிறுபோல.

காதில் தங்கையின் குரல் வந்தது.

"அக்கா, குழாய மூடிட்டேன்."

"சரி."

"தண்ணி நிக்கலக்கா."

அவள் வால்வைப் பிடித்தாள். ஒரு சுற்று. குளோரின் சீறி இறங்கியது, கண் எரிந்தது. கீழே வழவழப்பு சுருங்கியது. பின்பு ஒரு படி ஏறியது.

"பச்சக் குழந்ததான் கெடச்சுதா ஒனக்கு?" என்று அதைப் பார்த்துக் கேட்டாள்.

இன்னொரு சுற்று.

இன்னொரு படி.

"அக்கா, வாசலுக்கு வந்துட்டோம். உள்ள இன்னும் சத்தம் கேக்குது."

"போயிட்டே இரு. திரும்பிப் பாக்காத."

மேல்படி மறைந்தது. வழவழப்பு விளிம்பைத் தாண்டி, வால்வின்மேல் இருந்த அவள் மணிக்கட்டைச் சுற்றிக்கொண்டது. காய்ச்சல்காரக் கையின் சூடு. அதற்குள் நாடி துடித்தது.

அவள் கையை எடுக்கவில்லை. இன்னொரு சுற்று திருப்பினாள்.