சூடேறாத வீடு

அடுப்பில் விறகு கொழுந்துவிட்டு எரிந்தது. ஆனால் அதன் மேலிருந்த கெட்டிலில் தண்ணீர் உறையத் தொடங்கியிருந்தது. ஹெல்வி விரலை விட்டுப் பார்த்தாள். மெல்லிய பனி ஏடு, நொறுங்கியது.

“எங்கிருந்தோ காத்து உள்ள வருது,” என்றாள் எரிச்சலாக.

சோபாவில் போர்வைக்குள் கிடந்தான் கணவன் ரெய்னோ. உறைந்த ஏரியில் துளை போட்டு மீன் பிடிக்கப் போனவன், மதியமே சொட்டச் சொட்ட நனைந்து திரும்பியிருந்தான். பனி உடைந்து கால் உள்ளே போய்விட்டதாம். அவ்வளவுதான் சொன்னான். ஈர உடையை மாற்றவும் மறுத்துவிட்டான்.

“ஓடை வந்து சேர்ற இடத்துல பனி மெலிசா இருக்கும், போகாதேன்னு தலையில அடிச்சுக்கிட்டேன். கேட்டியா? இப்ப நான் கெடந்து அல்லாடுறேன்.”

“குளிருது, ஹெல்வி.”

“குளிராம? மாடு மாதிரி பிடிவாதம் பிடிச்சா?”

ஜன்னல் இடுக்குகளில் பழைய துணியைத் திணித்தாள், வாசற்படியோரம் கம்பளத்தைச் சுருட்டி அடைத்தாள், கட்டைகளை மேலும் மேலும் அடுப்புக்குள் தள்ளினாள். புகைபோக்கி உறுமியது, கரிந்த மரப்பட்டையின் வாசனை அறையை நிறைத்தது, ஆனாலும் சுவர்களின் உட்புறத்தில் உறைபனி வெள்ளைப் பாசியாய்ப் படர்ந்துகொண்டே போனது. அழுகை வந்தது அவளுக்கு. எவ்வளவு எரித்தாலும் இந்தச் சூடு எங்கேதான் போகிறது?

மெழுகுவர்த்தியை ஏற்றி, காற்று நுழையும் ஓட்டையைத் தேடினாள். ஜன்னலருகே சுடர் அறைக்குள் சாய்ந்தது. கதவருகேயும் உள்ளே. அடுப்பருகேயும் அப்படியே.

எங்கே நின்றாலும் சுடர் சோபாவைப் பார்த்தே சாய்ந்தது.

அவள் மூச்சு ஆவியாய்ப் பறந்தது. அவன் வாயருகே ஆவியே இல்லை.

“ரெய்னோ?”

“பக்கத்துல வந்து படு. கட்டிப் பிடிச்சுக்க. சரியாயிடும்.”

கன்னத்தைத் தொட்டாள். கை ஒட்டிக்கொண்டது. இழுத்தாள். வரவில்லை. தோல் கிழியும் வலி. பிறகு வலியும் இல்லை. முழங்கைவரை மரத்துவிட்டது.

மெழுகுவர்த்தி அணைந்தது. அடுப்பும்.

கடைசித் தணலின் சிவப்பில் அவன் வாய் திறந்தது. நாக்கில்லை. பல்லில்லை. மேலுதட்டிலிருந்து கீழுதடுவரை கண்ணாடி போலப் பனித்தகடு. அதற்கடியில் கறுப்புத் தண்ணீர்.

அந்தத் தண்ணீரின் ஆழத்திலிருந்து, அவள் ரெய்னோவுக்குப் பின்னிக்கொடுத்த கையுறையோடு ஒரு கை மேலே வந்து, தகட்டைத் தட்டிக்கொண்டிருந்தது.