தெற்கே போக மறுத்த தண்ணீர்

"இண்டைக்கும் அவங்கள் வராட்டில், நானே சாந்து குழைச்சு மாபிளைப் பதிக்கிறன், பாருங்கோ!"

கேத்திலை அடுப்பில் இடித்து வைத்தாள் சத்தியபாமா. முற்றத்தில் சவரம் செய்துகொண்டிருந்த அவள் கணவன் சிவகுரு, பாதிக் கன்னத்துச் சவர்க்கார நுரையோடு திரும்பிப் பார்த்தான்.

"பண்ணைப் பாலத்து ஆமிச் சென்றியில மறிச்சிருப்பாங்கள், பாமா…"

"ஓம், ஓம்! சென்றியில நிக்கிறவங்களுக்கு எங்கட மேசன்மார் மட்டும்தான் கண்ணுக்குத் தெரியினம். மற்றச் சனம் எல்லாம் நேரத்துக்கு எங்கட சரவணையில வந்து இறங்குது!"

சிவகுரு மறுபடியும் கண்ணாடியைப் பார்க்கத் தொடங்கினான். வாக்குவாதம் வந்தால் கண்ணாடியைப் பார்ப்பது அவன் வழக்கம்.

எல்லாம் அவனுடைய அக்கா கமலாதேவி செய்த ஏற்பாடு. பட்டணத்தில் இருக்கும் கமலாதேவி, அங்கே ஒரு பெரிய ஹாட்வெயார் கடையில் பேசி முடித்துவிட்டு வந்து, "மாபிளும் அவையே தருவினம், பதிக்கிற ஆக்களையும் அவையே அனுப்புவினம். நீர் சும்மா கதிரையில இருந்து பாத்தாச் சரி, மச்சாள்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்தக் கதிரை எங்கே இருக்கிறது என்று சத்தியபாமா இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறாள். வெள்ளை மாபிள் கேட்டால் ரோசாப்பூ நிறத்தில் வந்து இறங்கியது. அதைத் திருப்பி அனுப்பி வெள்ளை வந்தபோது சீமெந்து வரவில்லை. சீமெந்து வந்தபோது மேசன் வரவில்லை. மேசன் வந்த நாட்களில், ஒருவருக்கு மீன் இல்லாவிட்டால் சோறு இறங்காது, மற்றவருக்கு மீன் வாடையே ஆகாது. வீட்டுக் கிணறு உவர் என்பதால் அவர்களுடைய தேத்தண்ணீருக்கும் அவளே குடத்தோடு நல்ல தண்ணீர்க் கிணற்றுக்கு நடந்தாள்.

இவ்வளவும் மாமிக்காக. சிவகுருவின் தாய் நாகமுத்து, போன மாரியில் வளவுக் கோடியிலிருந்த கக்கூசுக்குப் போகும்போது வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டா. அன்று தொட்டு ஆளைப் பிடித்துத்தான் நாலடி நடப்பா. மலசலப் பேசின் எடுப்பது, கழுவுவது, குளிக்க வார்ப்பது எல்லாம் மருமகள்தான். கனடாவில் இருக்கும் இளைய மகன், வீட்டுக்குள்ளேயே குளியலறை கட்டச் சொன்னான். எந்த அறையில் என்று மற்றவர்கள் ஆளையாள் பார்த்தபோது, "என்ர தையல் அறையை எடுங்கோ" என்றாள் சத்தியபாமா. அவளுடைய தையல் மெசின் குசினி மூலைக்குப் போனது. கலியாணச் சட்டைகளில் பொரியல் மணக்கிறது என்று தைக்கக் கொடுத்தவர்கள் மெல்ல மெல்ல நின்றுவிட்டார்கள். அவள் கையிலிருந்த ஒரே உழைப்பும் போயிற்று. அந்த அறையை அவள் விட்டுக்கொடுத்தாள் என்பதே ஒருவருடைய மனதிலும் ஏறவில்லை.

அறைக்கு அளவு போட்ட அன்று மாமி ஒரு கேள்வி கேட்டா.

"தண்ணியைத் தெற்காலயோ விடப்போறியள்? அது எமன்ர திசையெல்லே!"

சிவகுரு சிரித்தான். சத்தியபாமாதான் பொறுமையாகச் சொன்னாள். "வடக்கில கிணறு, மேற்கில அடுத்த வளவு, மாமி. கிழக்கில ஆக்கள் வந்து இருக்கிற கோலும் சாமியறையும். குழாய் தெற்காலதான் போகவேணும். வேற வழி இல்லை."

மாமி வாயை மூடிக்கொண்டா. மாமி வாயை மூடினால் விஷயம் முடிந்தது என்று அந்த வீட்டில் ஒருவரும் நம்புவதில்லை. அன்று மட்டும் எப்படியோ நம்பிவிட்டார்கள்.

சத்தியபாமா கேத்திலை இடித்து வைத்த அன்றைக்கு மேசன்மார் வந்தார்கள். மத்தியானம் கடந்துதான் வந்தார்கள், ஆனாலும் வந்தார்கள். அந்தக் கிழமைக்குள் சுவரும் நிலமும் வெள்ளையாக மின்னத் தொடங்கின. வெள்ளிக்கிழமை நல்ல நேரம் பார்த்து மாமிக்கு முதல் முழுக்கு வைத்தார்கள். அதைப் பார்க்கவென்று கமலாதேவி பட்டுச் சீலையோடு ஏ-போர்ட்டி வாடகைக் கார் பிடித்து வந்து இறங்கினாள். மிச்சச் சாமான்களை ஏற்றிப்போக மூத்த மேசன் தம்பையாவும் வந்திருந்தார்.

மாமியை முக்காலியில் இருத்தி, சத்தியபாமா முதல் வாளியை வார்த்தாள். இரண்டாவதையும் வார்த்தாள். தண்ணீர் தெற்குச் சுவர் ஓட்டையை எட்டியும் பார்க்கவில்லை. வடகிழக்கு மூலையிலிருந்த வாசலைப் பார்த்து விறுவிறு என்று ஓடி, கோலைக் கடந்து, நேரே சாமியறைக்குள் புகுந்தது!

"ஐயோ, முருகா!" என்று ஓடிவந்த கமலாதேவி, கோலின் நடுவில் பட்டுச் சீலையோடு வழுக்கிப் பொத்தென்று இருந்தாள்.

எழும்பியதும் அவள் கேட்ட முதல் கேள்வி சத்தியபாமாவிடம்தான்.

"நீர்தானே நிண்டு பாத்தனீர்? என்னத்தைப் பாத்தனீர்? ஒரு நிலத்துக்கு வாட்டம் இருக்குதோ எண்டு பாக்கத் தெரியாதோ உமக்கு? அம்மா நடந்துவந்து இதில விழுந்திருந்தா…! உம்மட கையில விட்டிட்டு நாங்கள் நித்திரை கொண்டது பிழை!"

சத்தியபாமா மாமியைத் துவாயால் சுற்றி இருத்திவிட்டு, பின்பக்கம் நின்ற தம்பையாவிடம் போனாள்.

"என்ன வேலை அண்ணை இது? ஓட்டை ஒரு பக்கம், வாட்டம் ஒரு பக்கம்!"

தம்பையா தோளில் கிடந்த துவாயை எடுத்துப் பிசைந்தார்.

"வீட்டுப் பெரியம்மாதான் சொன்னவ, தங்கச்சி. நீங்கள் தண்ணிக்குப் போன நேரம் என்னைக் கூப்பிட்டு, தெற்கால ஒரு சொட்டும் போகக்கூடாது, ஈசான மூலைக்குச் சரிச்சு விடு எண்டு… வாசலில ஒரு கட்டாவது வைப்பம் எண்டனான். கால் தடக்கும், அதுவும் வேண்டாம் எண்டிட்டா. ஒருத்தருக்கும் சொல்லாதை எண்டு கையெடுத்துக் கும்பிட்டு அழுதவ. நான் என்ன செய்ய?"

சத்தியபாமாவுக்கு அந்த இடத்திலேயே தலையில் அடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. திரும்பிப் பார்த்தாள். ஈரத் துவாய்க்குள் நடுங்கிக்கொண்டு, மாமி அவளையே பார்த்துக்கொண்டிருந்தா. அந்தப் பார்வையில் கெஞ்சல் தவிர வேறொன்றும் இல்லை.

போன மாதந்தான் மூக்குக் கண்ணாடியை எங்கேயோ வைத்துவிட்டுத் தேடிய தாயைப் பார்த்து, "வயசு போய்ப் புத்தி தடுமாறுது, உங்களுக்கு அறளை பேந்திட்டுது, அம்மா" என்று கமலாதேவி சொல்லியிருந்தாள். அன்று முழுக்க மாமி சாப்பிடவில்லை. இதுவும் தெரிந்தால் அந்தச் சொல்லை ஊர் முழுக்கச் சொல்லிவிடுவாள்.

"ஆர் சொன்னது இப்பிடிச் செய்யச் சொல்லி?" கமலாதேவி பின்னாலேயே வந்துவிட்டாள்.

தம்பையா வாய் திறக்குமுன் சத்தியபாமா முந்தினாள்.

"நான்தான் சொன்னனான்."

"நீரோ!"

"ஓம். பிழைச்சுப் போச்சு."

சிவகுரு அவளையே பார்த்தான். "ஏன் பாமா… என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே?"

கமலாதேவி ஏசியதை அவள் தாங்கிக்கொண்டாள். அவன் அதை உடனே நம்பியதைத்தான் தாங்க முடியவில்லை.

"இனி இஞ்சை ஒரு நிமிசமும் விட ஏலாது" என்றாள் கமலாதேவி. "அம்மாவை நான் கொண்டு போறன். அம்மாவின்ர உடுப்பை எடும்!"

சத்தியபாமா எடுத்தாள். சீலைகளை மடித்தாள், தைலப் போத்தலைக் கடதாசியில் சுற்றினாள், மாமி இரவில் போர்க்கும் பழைய போர்வையை மேலே வைத்தாள். கண்ணீர் போர்வையில் விழுந்தது. துடைக்கவும் அவளுக்கு மனமில்லை. இத்தனை காலம் பார்த்த பார்வைக்கு, 'கவனமில்லாதவள்' என்ற பெயர்தான் மிஞ்சியது!

மாமியைத் தூக்கிக் காரில் இருத்தினார்கள். சாரதி ஸ்ரார்ட் பண்ணினான். சத்தியபாமா குனிந்து போர்வையை மாமியின் காலில் சுற்றிவிட்டாள்.

"இரவில கால் குளிரும், மச்சாள்… மறந்திடாதையுங்கோ."

அவ்வளவுதான். மாமி அவளுடைய கையை இறுகப் பிடித்துக்கொண்டா.

"நிப்பாட்டடா காரை!"

"என்னம்மா…?"

"நான்தானடி சொன்னனான்! நான்! இவள் இல்லை!" மாமியின் குரல் படலைக்கு வெளியேயும் கேட்டது. "கொப்பர், என்ர மனிசன், உயிரோட இருக்கேக்கை கிணத்தடி வாய்க்காலைத் தெற்கால திருப்பினவர். அந்த வருசமே அந்த மனிசன் தெற்கில, மாத்தறைக் கடையில விழுந்து செத்தது. எனக்குப் பயமடி… சாகப் பயம்! சொன்னா நீ அறளை எண்டுவாய். அதுதான் களவாச் சொன்னனான். இவளுக்கு எல்லாம் தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் என்ர பழியைத் தூக்கித் தன்ர தலையில வைச்சவள்!"

கமலாதேவி காரை விட்டு இறங்கினாள். சிவகுருவுக்குப் பார்க்க அந்த இடத்தில் கண்ணாடியும் இல்லை. நிலத்தைப் பார்த்தான்.

"இறக்கு பிள்ளை என்னை… இறக்கு!"

சத்தியபாமா இறக்கினாள். இறக்கிய கையோடு, அவ்வளவு நாளும் அடக்கி வைத்ததெல்லாம் வெடித்தது.

"இவ்வளவு பயமெண்டு என்னட்டை ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே, மாமி! தெற்கால வேண்டாமெண்டா நான் அந்த மண்ணைக் கிண்டி வேற வழி பாத்திருப்பனே! எத்தினை நாள் அந்த மேசன்மாருக்குப் பின்னால திரிஞ்சனான்! எத்தினை குடம் தண்ணி! என்ர அறை, என்ர மெசின், என்ர உழைப்பு… எல்லாத்தையும் தந்திட்டு நிக்கிறன். நான் உங்களுக்கு அந்நியமோ?"

"ஏசு பிள்ளை… நல்லா ஏசு!" மாமி அவளைக் கட்டிக்கொண்டு விம்மினா. "நான் பெத்ததுகளிட்டை எனக்குப் பயம். உன்னட்டை வெக்கம். அதுதான் சொல்லேல்லை…"

இரண்டு பேரும் படலையடியில் நின்று அழுதார்கள். கமலாதேவி நனைந்த சீலையோடு கிட்ட வந்து, "மச்சாள்… நான் அவசரப்பட்டிட்டன்…" என்று தொடங்கினாள்.

"முதல்ல போய்ச் சீலையை மாத்துங்கோ. தடிமன் பிடிக்கப்போகுது" என்றாள் சத்தியபாமா. அவ்வளவுக்குத்தான் அவளால் அப்போது முடிந்தது.

சிவகுரு மெல்ல வந்து மாமியின் உடுப்புப் பெட்டியைத் தூக்கினான். "என்னை மன்னிச்சுக்கொள்ளும், பாமா" என்றான், மனைவியின் முகத்தை நேராகப் பார்த்து.

மாமி மருமகளின் தோளைப் பிடித்தபடி குளியலறை வாசல்வரை நடந்து வந்தா. மின்னிக்கொண்டிருந்த வெள்ளை நிலத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தா. பிறகு பின்னால் வந்த தம்பையாவுக்குக் கையால் காட்டினா.

"உடை, தம்பையா. தெற்காலயே வாட்டத்தை வை."

"எமன்ர திசை எண்டியளேயம்மா!" என்றான் சிவகுரு.

"வரட்டுமன்! இவளைத் தாண்டி உள்ளுக்கு வந்திடுவானோ, பாப்பம்!"