சம்மட்டியின் பதில்

இரும்பு எதுவும் வைக்காத வெறும் பட்டடையில் சிறுசுத்தியால் தட்டக்கூடாது என்பது இஸுமோ மலைக் கொல்லர்கள் எல்லாருக்கும் தெரியும். அந்தத் தட்டு சம்மட்டிக்காரனைக் கூப்பிடுகிற குரல். அவன் பதிலுக்கு ஓங்கி அடித்தே ஆகவேண்டும். கைப்பழக்கத்தில் கினுயே தட்டிவிட்டாள். சம்மட்டி பிடித்த அவள் புருஷன் கென்ஸோவோ செத்து, மலைச்சரிவில் பனி மூடிய குழிக்குள் கிடக்கிறான். ஆனாலும் பட்டறையின் பின்தூணருகே 'தொம்' என்று பதில் அடி விழுந்தது.

கூரைப்பனி சரிந்திருக்கும் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள்.

"அண்ணி!" கதவுக்கு வெளியே கொழுந்தன் யாசாகு. "வம்பு வேண்டாம், வெளிய வந்துடுங்க. பட்டறைச் சாமி இரும்புத் தாயிக்குப் பொம்பள வாடையே ஆகாது. பொணம்னாதான் அவளுக்கு இஷ்டம்."

"அப்போ உன்ன மாதிரி நடைப்பொணத்த ஏன் இன்னும் விட்டுவச்சிருக்கா?"

"வாயெல்லாம் நல்லாத்தான் இருக்கு. பேசின பந்தயம்தான், நீங்க தோய்க்கிற வாள் விரிசல் விட்டா பட்டறை எனக்கு."

"விரிசல் விடலன்னா அதுல என் பேரு. போய்க் குளிர் காய், போ!"

இத்தனை வருஷமும் காய்ந்த இரும்பின் நிறம் பார்த்துத் தண்ணீரில் தோய்த்தது அவள்தான். வாளில் வெட்டியதெல்லாம் புருஷன் பெயர்.

நிறம் தெரிய இருட்டு வேண்டும். நட்டநடுப் பகலில் ஜன்னல் பலகைகளை எல்லாம் அடைத்துவிட்டு, களிமண் பூசிய வாளை உலையில் செருகித் துருத்தியை இழுத்தாள். கரி பொரிகிற சத்தமும் சூடான களிமண்ணின் வாசமும் கூடத்தை நிறைக்க நிறைக்க, அவற்றுக்கு அடியில் இன்னொரு வாசம், சவ அடக்கத்தன்று கொளுத்திய அதே ஊதுவத்தியும் ஈரமண்ணும் கலந்து, பின்தூணின் பக்கமிருந்து மெல்ல ஊர்ந்து வந்தது. துருத்தியின் பிடி திடீரென்று லேசானது. கூட யாரோ இழுத்தார்கள்.

அவள் கையை எடுக்கவில்லை.

வாள் சிவந்தது. அந்த வெளிச்சத்தில் தூணடியில் இரண்டு பாதங்கள். நகமெல்லாம் மண். இரும்பு சரியாக வராவிட்டால் செத்தவனைக் கொண்டுவந்து அந்தத் தூணில் சாய்த்து நிறுத்துவது முன்னோர் வழக்கம். இவனை யாரும் கொண்டுவரவில்லை. இவள்தான் கூப்பிட்டாள்.

"செத்தும் பக்கத்துல நிக்கணுமா?" என்றாள். "நில்லுய்யா. நிறம் பாக்கறது இன்னிக்கும் நான்தான்."

பழுத்த கிச்சிலிப்பழத்தின் செம்மஞ்சள் நிறம் வந்தது. வாளைத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கினாள். ஸ்ஸ்ஸ் என்ற சீறல். பிறகு கும்மிருட்டு. விரிசலின் 'டிக்' கேட்குமோ என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள்.

கேட்கவில்லை.

தடவித் தடவி ஒரு பலகையை மட்டும் திறந்தாள். வாள் முழுசாக இருந்தது. அழுகை வந்தது, அழ நேரமில்லை. வாளின் அடிப்பகுதியைப் பட்டடையில் கிடத்தி, உளியை வைத்தாள். உளியைத் தட்டினால் பட்டடை அதிரும். அதிர்ந்தால் அவன் வருவான்.

வரட்டும்.

தட்டினாள். தொம். தட்டினாள். தொம். ஒவ்வொன்றும் முந்தையதைவிடக் கிட்டத்தில்.

அவர்கள் லிபியில் அவள் பெயர் இரண்டே எழுத்து. முதல் எழுத்து முடிந்தது.

பிடரியில் ஜில்லென்று மண் உதிர்ந்தது. பட்டடைமேல் ஒரு நிழல் ஏறியது. ஓங்கிய சம்மட்டியின் நிழல். அவள் தலைக்கு நேரே.

கினுயே திரும்பவில்லை. அடுத்த எழுத்துக்கு உளியை வைத்தாள். தட்டினாள்.